மாமாவுக்குக் கொடுக்காத பூசை

என் மாமாவின் பெயரை ஒரு கோயிலுக்குள் வைத்து நான் முதன்முதல் கேட்டது நெடுந்தீவில். வெள்ளிக்கிழமை பின்னேரப் படகில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன் நான். வாடைக்காற்று எழும்பிவிட்டது, படகு ஓடாது என்று இறங்குதுறையில் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அங்குள்ள பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம் கிடைத்து ஒரு தவணைகூட முடியாத காலம். ஞாயிறு காலை ஆசிரியர் விடுதியில் தனியே கிடக்க மனமில்லாமல் பூசைக்குப் போனேன்.

பூசை தொடங்கும் முன்பு கருத்துகள் வாசிப்பார்கள். இன்னாருடைய சுகத்துக்காக, இன்னாருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று, பூசை ஒப்புக்கொடுத்த குடும்பங்கள் சொல்லிவைத்த பெயர்கள் வரும். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டாமல் வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்பதால், எங்கள் ஊர்க் கோயிலில் சிறுவயதிலிருந்தே என்னை வாசகனாக ஏற்றிவிட்டிருந்தார்கள். அதனால் எங்கே போனாலும் என் காது வாசிப்பவரிடம்தான் இருக்கும். அன்று வாசித்த பெட்டை நிதானமாக வாசித்தாள். "கடலில் மரித்த" என்று தொடங்கி இரண்டு பெயர்களைச் சொன்னாள். முதற்பெயர் எங்கள் வீட்டில் ஒன்றிரண்டு தரம், அதுவும் குரலைத் தாழ்த்தி, சொல்லக் கேட்ட பெயர். இரண்டாவது என் மாமாவின் பெயர். தகப்பன் பெயரோடும் எங்கள் ஊர்ப் பெயரோடும் சேர்த்து வாசித்தாள். வேறு யாரோ என்று நினைத்துக்கொள்ள இடமே இல்லை.

அதற்குப் பிறகு பூசை எப்படிப் போனது என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் யாரோ ஈரத்தோடு நிற்பதுபோல முதுகு முழுக்கக் குளிர்ந்துகொண்டிருந்தது. நற்கருணை வாங்கப் போய்த் திரும்பும்போதும் அந்தப் பக்கம் பார்க்காமல் வந்து இருந்தேன்.

மாமா அம்மாவின் தம்பி. ஊர்காவற்றுறைக்குக் கிட்ட, நாங்கள் இன்றும் இருக்கிற கரையில்தான் தொழில் செய்தார். சண்டை நின்ற சமாதானக் காலத்தில், தடைபட்டிருந்த கடலைத் திறந்துவிட்டபோது நெடுந்தீவிலிருந்து ஒருவர் மீன்பிடிக்க எங்கள் கரைக்கு வந்தார். இருவரும் ஒரு வள்ளத்தில் போனார்கள், வலைகள் வைத்து ஆட்களும் தங்குகிற, ஓலைக் கிடுகால் கட்டிய வாடி ஒன்றில் இருந்தார்கள். மீன் பருவம் முடிந்தும் வந்தவர் திரும்பிப் போகவில்லை. மாமாவுக்குப் பேசிய கலியாணங்களை மாமா வேண்டாம் என்றார். ஊர் முதலில் சிரித்தது, பிறகு சிரிப்பதை நிறுத்தியது. ஒருநாள் ஆண்கள் கூடிப்போய் வாடியைச் சுற்றி நின்று கிடுகுகளைப் பிரித்துப் போட்டார்கள். அடுத்த நாள் ஒருவரும் கடலுக்கு இறங்காத வாடைக்காற்றில் அவர்கள் இருவரும் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வள்ளம் காரைநகர்ப் பக்கம் ஒதுங்கியது. ஆட்கள் கிடைக்கவில்லை.

எனக்கு மாமாவின் முகம் நினைவில்லை. வள்ளத்து விளிம்பில் என்னைத் தூக்கி இருத்திப் பிடித்திருந்த ஒரு கையும் மண்ணெண்ணெய் மணமும் மட்டும் நினைவிருக்கிறது. அது அவர் கைதானா என்றும் நிச்சயமில்லை.

நானும் மாமாவைப் போன்றவன். இதைப் பிறகு சொன்னால் ஒளித்துவைத்துச் சொன்னதுபோல ஆகிவிடும் என்பதால் இங்கேயே சொல்கிறேன். அம்மாவுக்கு அப்போது அது தெரியாது. அல்லது, தெரியாது என்று நாங்கள் இருவரும் வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டில் செத்தவர்கள் எல்லாருக்கும் அம்மா வருடாவருடம் பூசை கொடுப்பார். மாமாவுக்கு மட்டும் ஒருபோதும் கொடுத்ததில்லை. அந்தப் பெயர் வரவேண்டிய இடத்தைத் தாண்டி நானே எத்தனையோ தரம் கோயிலில் வாசித்திருக்கிறேன். மாமாவின் ஆத்துமா எங்கே இருக்கிறது என்று அம்மா நினைக்கிறாரோ, அந்த இடந்தான் எனக்கும் என்று விளங்கிக்கொண்டு வளர்ந்தவன் நான்.

பூசை முடிந்ததும் வாசித்த பெட்டையிடம் அந்தக் கருத்தைக் கொடுத்தது யார் என்று கேட்டேன். கோயில் வாசலில் குடையை விரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் காட்டினாள். மாமாவோடு கடலுக்குப் போனவரின் தமக்கை. நான் கிட்டப் போனதும் அவர் குடையைத் தாழ்த்தினார்.

"என்ன சேர், என்ர கடைசிப் பெடியன் ஏதும் குழப்படியோ?"

"அப்பிடி ஒண்டுமில்லை அக்கா."

"அக்காவோ? உம்மட அம்மாவுக்கும் என்ர வயசுதான் இருக்கும். பரவாயில்லை, கேக்க நல்லாத்தான் கிடக்கு."

நான் யாருடைய மருமகன் என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். காற்று குடையைப் பிடித்து இழுத்தது, அதை அவர் கவனிக்கவில்லை.

"மூக்கு அவன்ரைதான்" என்றார்.

வாடை தொடங்கினால் ஒவ்வொரு வருடமும் பூசை கொடுப்பதாகச் சொன்னார். தன் தம்பிக்கு மட்டும் கொடுக்காமல் ஏன் இருவருக்கும் என்று கேட்டேன்.

"ஒருத்தன்ர பேரை மட்டும் சொன்னா மற்றவன் வாசல்லையெல்லே நிப்பான்."

நான் பல்கலைக்கழக வளாகத்தில் கிறிஸ்தவ நாகரிகம் படித்தவன். மாமா வாழ்ந்தது பாவமா என்ற ஒரு கேள்விக்காகவே அதைப் படித்தேன் என்றும் சொல்லலாம். ஆணோடு ஆண் சேர்ந்ததால் கடவுள் அழித்ததாகப் பலரும் சொல்கிற சோதோம் நகரின் பாவம் உண்மையில் என்ன என்று எங்களோடு படித்த ஒரு குருமாணவனும் ஒரு மெதடிஸ்த விரிவுரையாளரும் விரிவுரை முடிந்தும் எழும்பாமல் வாதாடியதை வாய் திறக்காமல் இருந்து கேட்டிருக்கிறேன். இத்தனை வருடமாக மாமாவின் பெயரைச் சொல்லிவருகிற இந்த மனுசி என் பக்கத்தில்தான் நிற்பார் என்று நம்பி, அவசரப்பட்டுக் கேட்டேன்.

"அப்ப, அவை ரெண்டுபேரும் சேர்ந்திருந்தது பாவமில்லையெண்டு நினைக்கிறியளோ?"

"பாவமில்லாதவைக்குப் பூசை என்னத்துக்கு சேர்? புனிதரெண்டு சுருவமெல்லே செய்து வைக்கவேணும்" என்றார். "பாவமெண்டபடியாத்தான் குடுக்கிறன். எனக்கும் சேர்த்து ஒராள் குடுக்கவேண்டி வரும்."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளி கடல் படுத்து, நான் படகேறியபோது, அம்மாவுக்குக் கொண்டுபோக என்னிடம் ஒரு நல்ல சேதி இருப்பதாகவே நினைத்தேன். குறிகட்டுவானில் இறங்கி, பேருந்தில் இறுப்பிட்டி தாண்டி வீடு போய்ச் சேரும்வரை அதை எப்படிச் சொல்வது என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை காலை அம்மா குசினிக்குப் பின்னால் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னேன். நெடுந்தீவில் மாமாவுக்குப் பூசை நடக்கிறது, பெயர் சொல்லி நடக்கிறது, அவருடைய அந்தக் கூட்டாளியின் தமக்கை கொடுக்கிறார் என்றேன்.

அம்மாவின் கை நின்றது.

"எத்தினை வருசமா?"

"கடல்லை போன அடுத்த வருசத்திலையிருந்தாம்."

அம்மா கத்தியை மெதுவாகக் கீழே வைத்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. அது மகிழ்ச்சி இல்லை என்று கண்டவுடன் விளங்கியது, வேறு என்ன என்று விளங்கவில்லை.

"நாசமறுவாள், அவனை எரிச்சுக்கொண்டிருக்கிறாள்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்கு அந்த விசயம் தெரியவந்தது. சிறுவயதில் முதன்முதல் நற்கருணை வாங்குகிற புதுநன்மைக்குப் படித்த காலத்தில், படிப்பித்த ஒரு மனுசி அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மோட்சத்துக்கு முன் பாவம் கழிக்கிற இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கிற ஆத்துமாவுக்குப் பூசை கொடுத்தால் அதன் வேதனை குறையும். நரகத்தில் கிடக்கிற ஆத்துமாவுக்குக் கொடுத்தால் அதன் நெருப்பு இன்னும் கூடும். மாமா போன அடுத்த ஞாயிறு, அப்போதிருந்த வயதான சுவாமியார் வானத்திலிருந்து நெருப்பு விழுந்து அழிந்த சோதோமைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். மாமாவின் பெயரை அவர் சொல்லவில்லை. மாமாவை நினைத்துத்தான் சொன்னாரா என்று ஒருவரும் அவரிடம் கேட்கவுமில்லை. அம்மா அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். தம்பி நரகத்தில் என்று ஆனபிறகு தன்னால் அவனுக்குச் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் என்று நினைத்தார்: அவன் பெயரைப் பீடத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாமல் இருப்பது.

நான் இத்தனை காலமும் அம்மா அவரைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்போடுதான் வளர்ந்தேன், அந்த நினைப்போடுதான் படித்தேன்.

"வாடை துடங்கினா அவன் இந்தப் பக்கம் வாறவன்" என்று அம்மா குசினிப் பின்கதவைக் காட்டினார். "மத்தியானத்திலை, சனமெல்லாம் படுத்திருக்கேக்கை. தண்ணியிலையிருந்து எழும்பி வாற ஆள்மாதிரி நிண்டு இருமுவான். நான் பூசை குடுக்கேல்லையெண்டு கேக்க வாறானாக்குமெண்டு நினைச்சிருந்தனான். அவள் பூசை குடுக்கிற நாளிலைதான் வந்திருக்கிறான். சூடு தாங்க ஏலாமல் வந்திருக்கிறான்."

அப்படியொன்றும் எழுதப்படவில்லை அம்மா, எந்தத் திருச்சபையும் அப்படிப் படிப்பிக்கவில்லை என்று நான் சொன்னேன். சொல்லும்போதே என் கண் அந்தக் கதவுக்குப் போனது. பூட்டியிருந்த கதவு. அதன் கீழ்ப்பலகை ஈரமாக இருந்தது. மீன் கழுவிய தண்ணீர்தான்.

எங்கள் சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். அம்மாவின் தமக்கை, இரண்டு வளவு தள்ளி இருப்பவர். இடம்பெயர்ந்து திரும்பி வந்த காலத்தில் கோயிலை விட்டு, பூசையும் சுருவமும் வேண்டாமென்கிற சபைக்கு மாறியவர். எந்த நேரமும் கையில் வேதாகமத்தோடுதான் வருவார், சிவப்பு மையால் கோடிட்டு வைத்திருப்பார். விசயத்தைக் கேட்டதும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"காசு குடுத்துப் பூசை வைச்சு மோட்சம் வாங்க ஏலாது. செத்தவுடனை தீர்ப்பு. கூடவும் மாட்டுது, குறையவும் மாட்டுது. நீ ஏன் பயப்பிடுறாய்?"

"அப்ப அவன் எங்கை அக்கா?"

பெரியம்மா வேதாகமத்தைத் திறந்தார். பழைய ஏற்பாட்டு நியாயப்பிரமாணத்தில் ஆணும் ஆணும் சேர்வதைக் கடவுள் அருவருப்பு என்று சொன்ன இடத்தைப் புரட்டி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"வாசி. நீதானே படிச்சனீ."

"வாசிச்சிருக்கிறன் பெரியம்மா. இதே இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலை, செதிளில்லாதது ஒண்டும் கடல்லையிருந்து தின்னக்கூடாதெண்டும் கிடக்கு. முந்தநாள் நண்டுக்கறி வைச்சு அனுப்பினனீங்கள்."

"நக்கலடியாதை. சாப்பாட்டை கர்த்தர் பேந்து மாத்தினவர், பேதுருவுக்குத் தரிசனத்திலை காட்டினவர். மற்றதை மாத்தேல்லை. பவுல் புதிய ஏற்பாட்டிலையும் திருப்பிச் சொல்லுறார்."

அது முட்டாள்தனமான பதில் இல்லை. வளாகத்தில் அந்தக் குருமாணவனும் ஏறக்குறைய அதையேதான் சொன்னான். பவுல் கண்டித்தது அடிமைப் பெடியன்களை வாங்கிக் கெடுக்கிற பழக்கத்தை, இரண்டுபேர் விரும்பி ஒன்றாக வாழ்வதை அவர் அறிந்திருக்கவே மாட்டார் என்று விரிவுரையாளர் மறுத்தார். ரோமருக்கு எழுதிய மடலில் பவுல் சொல்வது அதைவிட அகலமானது என்று குருமாணவன் விடவில்லை. நான் இரண்டையும் பெரியம்மாவுக்குச் சொன்னேன். அப்படிச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கத்தாரும் அதே வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள் என்றேன்.

"இதைப் படிக்கவோ கொம்மா உன்னை வளாகத்துக்கு அனுப்பினவள்?" என்றார் பெரியம்மா.

அம்மா மீன் சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் ரெண்டுபேரும் பாவமோ இல்லையோவெண்டு சண்டை பிடிக்கிறியள். அவன் எங்கை இருக்கிறானெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

அந்த நேரத்தில்தான் நான் சோதோமை எடுத்தேன். அம்மாவின் பயம் அந்தப் பிரசங்கத்தில் தொடங்கியதால் அதை அங்கேயே அறுக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த ஊரின் பாவம் ஆணவம், வயிறு நிறைய இருந்தும் ஏழைகளுக்கு உதவாதது என்றுதான் பின்னால் வந்த ஒரு இறைவாக்கினர் சொல்கிறார் என்றேன். கதையிலும் அப்படித்தான் என்றேன்.

"அந்த ஊர்ச் சனம் என்ன செய்தது அம்மா? வெளியிலையிருந்து வந்த ஆக்கள் தங்கியிருந்த வீட்டைச் சுத்தி வளைச்சது. கதவை உடைக்கப் பார்த்தது. அதுக்குத்தான் நெருப்பு விழுந்தது. சுத்தி நிண்டவைக்கு. உள்ளை இருந்தவைக்கு இல்லை."

 பெரியம்மா வேதாகமத்தை மூடினார். நான் வென்றுவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"வாடியைச் சுத்தி நிண்டதிலை உன்ர கொப்பரும் ஒராள்" என்றார் அம்மா. "முதல் கிடுகை இழுத்தது அவர்தான். வீட்டை வந்து கை கழுவிப்போட்டுச் சோறு கேட்டவர்."

அப்பா நோயில் படுத்துச் செத்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒவ்வொரு வருடமும் அம்மா அவருக்குப் பூசை கொடுக்கிறார். நான்தான் அந்தப் பெயரை வாசிக்கிறேன்.

"அப்ப அந்த மனிசனுக்கும் நான் நெருப்பைத்தான் கூட்டுறனோ?"

 ஒருவரைக் காப்பாற்றப் போய் இன்னொருவரையும் அம்மாவின் நரகத்துக்குள் தள்ளிவிட்டிருந்தேன். பெரியம்மா எழும்பிவந்து, சபைக் கதை ஒன்றும் பேசாமல், அம்மாவின் தலையில் சற்றுநேரம் கையை வைத்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் பூசை முடிய நானும் அம்மாவும் பாதர் இருக்கிற அறைவீட்டுக்குப் போனோம். இப்போதிருக்கிற பாதர் இளையவர், என்னைவிடச் சில வயதுதான் கூட. அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். நெருப்புக் கூடும் என்பது வெறும் கதை, திருச்சபை அப்படிப் படிப்பித்ததே இல்லை என்றார். இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை எந்த மனிதரைப் பற்றியும் பெயர் சொல்லி அறிவித்ததும் இல்லை என்றார். அந்த உறவு பாவம் என்ற போதனை மாறவில்லை, ஆனால் கடைசி மூச்சில் கடவுளும் ஒரு மனிதனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எவருக்கும் தெரியாது என்றார். அவர் கடைசியாகச் சொன்னதில் முதல் பாதியைக் கேட்க எனக்குக் கசந்தது. இரண்டாவது பாதிக்காக அவர் கையைப் பிடிக்கலாம் போலவும் இருந்தது.

"அப்ப நீங்கள் பேர் சொல்லி அவனுக்குப் பூசை வைப்பியளோ சுவாமி?" என்று அம்மா கேட்டார்.

பாதர் யன்னல் பக்கம் பார்த்தார். வெளியே ஆண்கள் சிலர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். வாடியைப் பிரித்த அந்தக் காலத்து ஆட்கள்.

"பூசை வைப்பன் அம்மா. பேர் வேண்டாம். ஒரு ஆத்துமாவுக்காகவெண்டு சொல்லுவம். கடவுளுக்குத் தெரியும்தானே ஆரெண்டு."

வெளியில் வந்ததும் அம்மா சொன்னார்: "பேர் சொல்லப் பயப்பிடுறார். அவன் எங்கை இருக்கிறானெண்டு அவருக்கும் தெரியும்."

இல்லை அம்மா, அவர் பயப்படுவது ஊருக்கு என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். நெடுந்தீவுக்குப் போய் அந்தப் பூசையை நிற்பாட்டவேண்டும் என்று அம்மா பிடிவாதமாக நின்றார். மாமா போன நாளிலிருந்து அம்மா ஒரு வள்ளத்திலும் கால் வைத்ததில்லை. அடுத்த சனி நான் கூட்டிக்கொண்டு போனபோது, படகின் உட்தட்டில், கடல் தெரியாத பக்கமாக முகத்தை வைத்து, செபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தார்.

அந்த அக்காவின் வீடு கடற்கல் அடுக்கிய வேலிக்குள் இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் எழும்பினார். நான் ஒன்றும் அறிமுகம் சொல்லவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"இவ்வளவு காலமும் வரேல்லை" என்றார் அவர்.

"வர ஏலேல்லை."

"இரும்."

அம்மா இருக்கவில்லை. "என்ர தம்பிக்குக் குடுக்கிற பூசையை நிப்பாட்டும். உம்மட தம்பிக்குக் குடுக்கிறது உம்மட விருப்பம்."

ஏன் என்று அவர் கேட்டார். அம்மா நெருப்பைப் பற்றிச் சொன்னார். அவர் சிரித்துவிடுவாரோ என்று நான் பயந்தேன். அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணிக்கு எடுத்த கேத்திலை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப என்ர தம்பி எங்கை?"

அம்மா செபமாலையைக் கையில் மாற்றிப் பிடித்தார்.

"ரெண்டுபேரும் ஒரு வள்ளத்திலை போனவை. உம்மட ஆள் நரகமெண்டா என்ர ஆளும் நரகம். என்ர ஆள் உத்தரிக்கிற ஸ்தலமெண்டா உம்மட ஆளும் அங்கைதான். அதிலை ஒருத்தனைத் தூக்கி வைச்சிட்டு மற்றவனை விட என்னாலை ஏலாது. அதை உம்மட ஊர் செய்து பார்த்ததுதானே."

காற்று வேலிக் கற்களுக்கு இடையால் ஊதிக்கொண்டிருந்தது. அம்மா சட்டென்று கேட்டார்.

"உமக்கு அவையின்ர சத்தம் கேக்கிறேல்லையோ?"

"கேக்கும். வாடை துடங்கினா கேக்கும்."

"அழுறவையோ?"

"அழுறேல்லை. கதைக்கிறவை. என்ன கதையெண்டு விளங்காது. சமைக்கேக்கை ரெண்டுபேர் தங்களுக்கை கதைக்கிறமாதிரி."

"எனக்கு அவன் இருமுறது மட்டும்தான் கேக்கும்."

"நீர் ஒருத்தனைத்தானே நினைக்கிறனீர்" என்றார் அவர், அடுப்பை மூட்டத் திரும்பிக்கொண்டே.

அம்மா கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தார். பூசையை நிற்பாட்டும் என்று பிறகு சொல்லவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவுமில்லை. அவர்கள் இருவரும் மீன் விலையைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். அந்த வீட்டுக்குள் எங்கள் மூன்றுபேரையும் விட வேறு ஆட்களும் இருப்பதுபோல எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. இருவருமே அடிக்கடி கடல் பக்கத்துக் கதவைப் பார்த்தார்கள், ஆனால் ஒரே நேரத்தில் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது அம்மா மேல்தட்டில் இருந்தார். எங்களைச் சுற்றி மூட்டைகளும் காஸ் சிலிண்டர்களும் நித்திரை கொள்ளுகிற சனமும். இயந்திரச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, அதனால் அம்மா என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னார்.

"எங்கட சுவாமியார் பேர் சொல்லமாட்டார். நீ அங்கைதானே நிக்கிறாய். வாற வாடைக்கு அவளிட்டைச் சொல்லி என்ர பேரிலையும் ஒண்டு குடுப்பி. ரெண்டு பேரையும் வாசிக்கச் சொல்லு."

"ஓம் அம்மா."

"பிழையெண்டாலும் நான்தான் குடுத்ததெண்டு இருக்கட்டும்."

அவர் இன்னும் அந்த நெருப்பை நம்பினார் என்று அப்போது விளங்கியது. நான் சொன்ன வியாக்கியானங்களில் ஒன்றுகூட அவருக்குள் இறங்கவில்லை. நம்பிக்கொண்டேதான் கொடுக்கிறார்.

அம்மா முகத்தை எடுக்கவில்லை. அவரின் மூச்சு என் காதில் பட்டது.

"நீயும் அப்பிடியோ?"

என்ன அப்படி என்று கேட்டிருக்கலாம். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இருந்திருக்கலாம்.

"ஓம்" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, அழவுமில்லை. குறிகட்டுவான் இறங்குதுறை தெரியத் தொடங்கியது. சனம் எழும்பி மூட்டைகளை இழுக்கத் தொடங்கியது. அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, வள்ளத்திலிருந்து விழுந்துவிடக்கூடிய ஒரு சிறுபிள்ளையைப் பிடிப்பதுபோல நோகும்படி பிடித்திருந்தது.

"எனக்குப் பிறகு உனக்கு ஆர் பூசை குடுப்பினம்?" என்று கேட்டார்.

அவர் அதைக் கேட்டது பதிலுக்காகத்தான். படகு சுவரில் முட்டி, கயிறு எறிந்து, ஆட்கள் இறங்கி முடியும்வரை என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.